சூரியத் தகட்டுக்குக் குடை பிடித்த வரலாறு

நெருப்பு, சக்கரம், இட்லி ஆகிய மூன்றுக்கும் பிறகு மனித குலத்துக்குக் கிடைத்த நான்காவது பெருங்கொடை, தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு டயர் கடையையும் இரண்டு கல்யாண மண்டபங்களையும் தாண்டினால் வரும் எங்கள் சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தில்தான் உருவானது. உலகம் இதை இன்னும் முழுதாக உணரவில்லை. உணர்த்துவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பக்தவச்சலம் என்ற நான் இம்மையத்தின் மக்கள் தொடர்பு அலுவலர். விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. அது இந்தப் பதவிக்கான அடிப்படைத் தகுதி.

இருந்தாலும் வாசகர்களுக்காக விளக்கிவிடுகிறேன். மொட்டை மாடிகளில் சிலிக்கன் சூரியத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலிக்கனுக்கு மேலே பெரோவ்ஸ்கைட் என்ற கறுப்புப் பொருளை மெல்லிசாகப் பூசினால், மேலடுக்கு வெயிலின் நீல ஒளியை எடுத்துக்கொள்ளும். அது விட்டுவைத்த சிவப்பு ஒளியைக் கீழே இருக்கும் சிலிக்கன் எடுத்துக்கொள்ளும். ஒரே வெயிலில் இரட்டை அறுவடை. இதற்கு 'டாண்டம்' என்று பெயர். எங்கள் இயக்குநர் டாக்டர் அனந்தகிருஷ்ணனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை. மையத்தின் ஆய்வுக் கட்டுரைகளும் இதே முறையில்தான் வெளியாகின. மேலே அவர் பெயர். அவர் விட்டுவைத்ததைக் கீழே இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கறுப்புப் பொருளுக்கு ஒரே ஒரு சின்னக் குறை. ஈரக்காற்று பட்டால் மஞ்சளாகிவிடும். மஞ்சளாகிவிட்டால் மின்சாரம் வராது. சென்னையில் ஈரக்காற்று படாத இடம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இயக்குநரின் அறை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஹெப்சி என்ற இளம் விஞ்ஞானியை ஒப்பந்த அடிப்படையில் எடுத்திருந்தோம். சிட்லபாக்கத்துக்காரர். அம்மா ரத்தினபாய் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஹெப்சி கெட்டிக்காரர்தான், ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. செய்த பொருளை மறுநாளும் போய்ப் பார்ப்பார்.

மற்றவர்கள் அப்படியில்லை. சோதனைச்சாலையில், நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், செயற்கை வெளிச்சத்தில் ஒரு தடவை அளப்பார்கள். நல்ல எண் வந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்து அதைப் பார்க்கிற அநாகரிகம் எங்கள் மையத்தில் கிடையாது. ஹெப்சி மட்டும் தன் தகடுகளைச் சிட்லபாக்கம் வீட்டு மொட்டை மாடியில், அம்மா காயப்போட்ட வடாத்துக்குப் பக்கத்தில், வெயிலிலும் பனியிலும் போட்டுவைத்தார். பெரோவ்ஸ்கைட்டில் கொஞ்சம் சீசியம் கலந்தார், மேலே கெட்டிக் கண்ணாடி போட்டார், ஓரங்களை ரப்பர் பசையால் அடைத்தார். போன வருஷத்து மழை முழுக்க நனைந்தும் அவை கறுப்பாகவே இருந்தன. இதை ஒரு சாதனை என்று எண்ணிக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடி வந்தார், பாவம்.

"எவ்வளவு திறன்?" என்றார் இயக்குநர்.

"இருபத்தாறு சதவீதம் சார். ஆனா ஒரு வருஷமா இறங்கவே இல்லை."

"நம்ம டீம் போன வாரம் முப்பத்து மூணு தொட்டிருக்கு, தெரியுமில்ல?"

"அது அன்னிக்குச் சாயங்காலமே மஞ்சளாயிடுச்சே சார்."

"சாயங்காலம் எதுக்கும்மா பார்த்தீங்க?" என்று இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சாயங்காலம் வெயிலே இருக்காதே! சோலார் செல்லுக்கு அந்த நேரத்துல என்ன வேலை?"

"சார், அந்தச் செல்லுக்கும் கண்ணாடி போட்டு ஓரத்தை அடைச்சா..."

"கண்ணாடி போட்டா ஒரு சதவீதம் குறையும். முப்பத்து மூணு முப்பத்திரண்டாகும். நாளைக்கு வரலாறு என்னை மன்னிக்குமா?"

வரலாற்றின் சார்பில் நான் தலையசைத்தேன். உடனே பத்திரிகைச் செய்தி தயாரித்தேன். 'உலகச் சாதனைக்கு மிக அருகில்' என்றுதான் முதலில் எழுதினேன். தலைப்பில் இடம் போதவில்லை. 'க்கு மிக அருகில்' என்பதை எடுத்துவிட்டேன். இலக்கணப்படி அது வெறும் வேற்றுமை உருபுதானே.

சாதனை செய்தால் மட்டும் போதாது, அது மக்களுக்குப் பயன்பட வேண்டும், அப்படிப் பயன்படும்போது பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும். கீழ்க்கட்டளையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள். அந்த மருந்தெல்லாம் ஒரு குளிர்பெட்டியில் இருக்கும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியம் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும். குளிர்பெட்டி நின்றால் மருந்து வீண். "இங்கேதான் நம் தகடு பளிச்சிட வேண்டும்" என்றார் இயக்குநர். சோதனைச்சாலையில் இரவு பகலாக வேலை வாங்கி, கண்ணாடி போடாத, மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும் போட்ட சாதனைத் தகடுகள் நான்கைத் தயாரித்தார்கள்.

ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் மெஹர் பானு ஐம்பது வயதுக்காரர், குரல் சன்னமாக இருக்கும், கேள்வி மட்டும் கூராக வரும். தகடுகளைப் பார்த்ததும் கேட்டார்:

"மழை வந்தா என்ன சார் ஆகும்?"

"மேடம், இது சூரிய சக்தி" என்றேன்.

"அது தெரியுது. மழை வந்தா?"

"மழை, சூரியன் ரெண்டும் வேற வேற துறை மேடம்."

 அவர் கூட வந்திருந்த ஹெப்சியின் பக்கம் திரும்பினார். ஹெப்சி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்தை நான் 'முழு ஒத்துழைப்பு' என்று குறித்துக்கொண்டேன்.

விழா நாளன்று ஐப்பசி மாதம் தன் கடமையைச் செய்தது. முக்கிய விருந்தினர் பல்லாவரம் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. மொட்டை மாடியில் எல்லோரும் நனைந்துகொண்டிருந்தோம். கைவசம் இரண்டே குடைகள். விருந்தினருக்குப் பிடிப்பதா, தகட்டுக்குப் பிடிப்பதா? இயக்குநர் நொடியும் தயங்கவில்லை. விருந்தினர் தொப்பலாக நனைந்தார். சூரியத் தகட்டுக்குக் குடை பிடித்த முதல் ஆய்வு மையம் என்ற பெருமை எங்களுக்குக் கிடைத்தது. நான் ஒரு குடை. இயக்குநர் ஒரு குடை.

"வெயிலே படலையே, கரண்ட் எப்படி வரும்?" என்று விருந்தினர் முகத்தைத் துடைத்தபடி கேட்டார்.

"வெயில் வந்ததும் குடையை எடுத்துடுவோம் சார். அதுதான் டெக்னாலஜி" என்றார் இயக்குநர்.

ஆனால் சாரல் குடைக்குக் கட்டுப்படவில்லை. ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி, நான் நன்றியுரை வாசித்துக்கொண்டிருக்கும்போதே தகட்டின் ஒரு மூலை வெளுத்தது. பிறகு அழகாக, மெதுவாக, மாம்பழம் பழுப்பதுபோல மஞ்சளானது.

"கறுப்பா இருக்கும்னு சொன்னீங்களே?" என்றார் விருந்தினர்.

"மஞ்சள் மங்களகரம் சார்" என்றேன்.

அவர் திருப்தியோடு கிளம்பினார். பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு ஒரு பதில் இருந்தால் போதும். அது பதிலாக இருக்க வேண்டியதில்லை.

மறுநாளே 'நிறமாற்ற உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர். செயலாளர் நான். ஹெப்சி சிறப்பு அழைப்பாளர், அதாவது உட்காரலாம், பேசக்கூடாது. முதல் அமர்வில் அது மஞ்சளா பொன்னிறமா என்ற அடிப்படைக் கேள்வி எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு மூத்த விஞ்ஞானி 'இளஞ்சந்தனம்' என்று மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். விவாதம் சூடாகி, கேசரி வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அது கேசரி நிறம் இல்லை என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து ஏற்பட்டது. ஒப்பீட்டுக்குப் பின் மாதிரி முழுவதும் தீர்ந்துபோனதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஹெப்சி விதியை மீறி எழுந்தார். "சார், அது என்ன கலரா இருந்தா என்ன? தகடு செத்துப்போச்சு. மழையில கரண்ட் நின்னா அந்தக் குளிர்பெட்டி பேட்டரியில இருக்கிற மிச்சத்துலதான் ஓடணும். பேட்டரி தீர்ந்தா மருந்து போயிடும். எங்க வீட்டு மாடியில என் தகடு நாலு ரெடியா இருக்கு. மாட்டிட்டு வரட்டுமா?"

"இருபத்தாறா?" என்றார் இயக்குநர். "முப்பத்து மூணுன்னு உலகத்துக்குச் சொல்லிட்டு இருபத்தாறை மாட்டினா அது மோசடி இல்லையா?"

"இப்ப பூஜ்யம் மாட்டியிருக்கோமே சார்?"

"அது விபத்து. உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குழுவின் இறுதி முடிவு இது: தகட்டில் குறையில்லை. மழைதான் மையத்தின் முன் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கண்டனம் மழையின் காதில் விழவில்லை. அந்த வாரம் கீழ்க்கட்டளையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மின்சாரம் நிறுத்தப்பட்டது. மெஹர் பானு எனக்குப் போன் செய்தார்.

"சார், பெட்டி கீச்சுகீச்சுனு கத்துது. சிவப்பு லைட் எரியுது. யாரையாச்சும் அனுப்புங்க."

"தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது மேடம்."

"நீங்க பரிசீலனை பண்ணி முடிக்கிற வரைக்கும் மருந்து இருக்காது சார். புதன்கிழமை ஊசிக்குப் பிள்ளைங்க வருதுங்க. பத்து மாசத்துப் புள்ளைக்கிட்ட என்னனு சொல்றது, நிறத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்கன்னா?"

அவர் எனக்கு மட்டும் போன் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. பயனாளிகள் மகிழ்ச்சியோடு இருக்கும் படம் ஒன்று எடுத்துவர இயக்குநர் என்னை அனுப்பினார். பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், மொட்டை மாடியில் ஹெப்சி! கூடவே மெஹர் பானுவின் தம்பி முனீர். பல்லாவரத்தில் இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பவர். சிட்லபாக்கத்திலிருந்து தகடுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு ஷேர் ஆட்டோவை மொத்தமாகப் பேசி, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"இன்னா சார், போட்டோவா?" என்றார் முனீர். "மொதல்ல இந்த ஒயரைப் புடி. போட்டோ எங்கியும் ஓடிடாது."

வாழ்வில் முதன்முறையாக மையத்துக்காக நான் ஒரு ஒயரைப் பிடித்தேன். ஹெப்சி கையுறை மாட்டிக்கொண்டு பழைய தகடுகளைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து, உறைக்குள் வைத்து ஒட்டினார்.

"செத்த தகடுக்கு எதுக்கும்மா இவ்வளவு மரியாதை?" என்றேன்.

"இதுல ஈயம் இருக்கு சார். பக்கத்துலயே குடிதண்ணி டேங்க். உறை கிழிஞ்சு மழைத்தண்ணியோட அதுல இறங்கினா என்ன ஆகும்?" அவர் உறையின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினார். "கண்ணாடி போடச் சொன்னது கரண்டுக்கு மட்டும் இல்ல சார். இதுக்கும்தான். எத்தனை தடவை சொன்னேன். நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

நான் இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதியதே நான்தான். அதில் 'ஹெப்சி அவர்கள் கண்ணாடி குறித்துப் பேசினார்' என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன்.

மழை விட்டிருந்தது. மேகத்துக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. முனீர் கடைசி இணைப்பைக் கொடுத்தார். நாங்கள் மூவரும் படியைப் பார்த்தபடி நின்றோம். கீழேயிருந்து கீச்சுச் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

"பச்சை எரியுது! மருந்து தப்பிச்சிடுச்சு, ஹெப்சிம்மா!" என்று மெஹர் பானு படியின் கீழிருந்து கத்தினார்.

ஹெப்சி ஈரமான கைப்பிடிச் சுவரில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கண்ணில் தூசி விழுந்திருக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் தூசி எங்கிருந்து வருகிறது என்பதை எங்கள் மையம் தனியாக ஆராயலாம்.

அந்த மழைக்காலம் முழுக்க இருபத்தாறு சதவீதம் ஓடியது. புதன்கிழமைகளில் பிள்ளைகள் வீறிட்டு அழுதன. தடுப்பூசித் திட்டம் நல்லபடி நடக்கிறது என்பதற்கு அதைவிடச் சத்தமான சான்று கிடையாது.

இயக்குநருக்குத் தெரிந்ததும் ஹெப்சிக்கு விளக்கம் கேட்டு உத்தரவு போயிற்று. குற்றம்: அனுமதியின்றி வெற்றிபெற்றது. அவர் பதில் எழுதுவதற்குள், பொங்கல் கழிந்து டெல்லியிலிருந்து மேலிடத்துக் குழு ஒன்று, "சாதனைத் தகடு கூரையில் எப்படி உழைக்கிறது?" என்று பார்க்க வந்தது. இயக்குநர் முகம் விழாவன்று மாடியில் பார்த்த அதே மஞ்சள் நிறத்துக்குப் போனது. ஆனால் அவர் திறன் மிக்கவர். நேரே கீழ்க்கட்டளைக்கு அழைத்துப்போய் ஹெப்சியின் தகடுகளைக் காட்டினார்.

குழு அளந்தது. "இருபத்தாறுதான் வருதே?"

"ஆமாம் சார்" என்றார் இயக்குநர் கம்பீரமாக. "திறனைத் தியாகம் பண்ணி நிலைப்புத்தன்மையைத் தேர்ந்தெடுத்தேன். நெஞ்சு வலிக்கத்தான் செஞ்சுது. தேசத்துக்காகப் பண்ணினேன்."

குழு நெகிழ்ந்தது. பெரோவ்ஸ்கைட் தகடு ஒன்று இந்த ஊர் மழையில் ஒரு பருவம் முழுக்கத் தாங்கியதைப் பார்ப்பது அவர்களுக்கே புதிது. கோடையில் 'நிலைப்புத்தன்மைக்கான தேசிய விருது' வந்தது, டாக்டர் அனந்தகிருஷ்ணனுக்கு. அதே வாரம் ஹெப்சியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க வந்தார்.

"பாருங்கம்மா, நம்ம மையத்தோட தரம் முப்பத்து மூணு. நீங்க இருபத்தாறு. தரத்துக்குக் கீழ இருக்கிறவங்களை நான் எப்படி வச்சுக்கறது?"

"விருது அந்த இருபத்தாறுக்குத்தானே சார் குடுத்தாங்க?"

"விருது மையத்துக்கு. இருபத்தாறு உங்களுக்கு."

இவ்வளவு சமமான பங்கீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விருது வாங்கிய தகட்டைக் கழற்றி வந்து, மையத்தின் வாசலில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க வேண்டும் என்று இயக்குநர் கட்டளையிட்டார். வேனோடு போனேன். அன்றைக்கென்று பார்த்துப் புதன்கிழமை. மாடிப்படி முழுக்கத் தாய்மார்களும் குழந்தைகளும்.

"எதுக்கு சார் வந்தீங்க?" என்றார் மெஹர் பானு.

"தகட்டைக் கௌரவிக்க, மேடம். அருங்காட்சிப் பொருளாகப் போகிறது."

"அது இங்க வேலை செய்யுது சார்."

"அதனால்தான் மேடம் அதற்கு மரியாதை."

"மரியாதை அதுக்கு வேணாம், வெயில் போதும்." அவர் படியின் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்த பாப்பாவைக் கொண்டாம்மா. இங்கேயே போட்டுடலாம்."

எனக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில் ஒரு தாய்மார் கூட்டமும் ஒரு ஊசியும் இருந்தன. நான் திரும்பிவிட்டேன்.

பேழை காலியாக இருக்கக்கூடாதே! கிடங்கில் ஹெப்சி உறையிட்டு ஒட்டி வைத்திருந்த மஞ்சள் தகட்டை எடுத்து உள்ளே வைத்தோம். நல்ல கெட்டிக் கண்ணாடி. காற்றுப் புகாமல் ஓரமெல்லாம் ரப்பர் பசை. உள்ளே நைட்ரஜன். மேலே மின்விளக்கு, மின்வாரியத்தின் உபயம். கீழே பித்தளைப் பலகை: 'நிலைப்புத்தன்மைக்கான தேசிய விருது பெற்றது.'

ஹெப்சி தன் பொருள்களை எடுத்துக்கொள்ள வந்த அன்று அதன் முன்னால் நின்றார். முனீர் பெருங்களத்தூரில் பட்டறைக்கு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறாராம். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் தகடு கேட்டிருக்கின்றனவாம். முனீர்தான் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு நம்ம தகடு? ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை பார்த்தீங்களா?" என்றேன் பெருமையோடு.

"இனிமே மாறாது சார்" என்றார் அவர். "கறுப்பா இருக்கிற வரைக்கும்தான் கெட்டுப்போகுமோன்னு பயம். மஞ்சள்தான் அதோட நிரந்தர நிலை. முழுசா கெட்டுப்போனது அதுக்கு மேல கெடாது."

என்ன ஆழமான விஞ்ஞானம்! அன்றே அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைத்தேன். தகட்டைப் பற்றி மட்டும் எழுதினால் தலைப்பில் எடுப்பாக இல்லை என்பதால் வழக்கம்போல ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். அதன்படி, இயக்குநரின் ஒப்புதலோடும் முத்திரையோடும், பொதுமக்களின் தகவலுக்காக இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எங்கள் மையம் இதற்கு மேல் கெடாது.